சிவப்பு போடாத டாக்டர்

எல்லாரும் சிவப்புதான் போடுவார்கள். விழிஞ்ஞத்து டாக்டர் மட்டும் போடமாட்டார். இரண்டு வருடம் அவரை நான் பார்த்ததே இல்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் இந்த ஊரில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்று அந்தக் காலத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், புருஷனுக்கு அடுத்தபடியாக அவரைத்தான் சொல்லியிருப்பேன். புருஷனோடு சண்டை போட்ட நாட்களில் வரிசை மாறியிருக்கும்.

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்த எனக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பத்து நிமிட நடை. டைப்ரைட்டிங் படித்திருந்தேன். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் சண்டை போடத் தெரியும். அதனால் வாசல் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கோபக்காரி என்று அங்கே எனக்குப் பெயர். பெயர் சும்மா வரவில்லை, நானும் அதற்காக உழைத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாம் கடிதம்தான். ஊரைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன கிளினிக்குகளில் பார்க்கிற டாக்டர்கள், தங்களால் முடியாத கண் கேஸ்களை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஒரு சீட்டில் நாலு வரி எழுதி, நோயாளி கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சீட்டு எங்களிடம் வந்து சேர்வதற்குள் அது படும் பாட்டைச் சொல்லி மாளாது. சட்டைப் பையில் வியர்வையில் ஊறியிருக்கும். மீன் கூடைக்குள் பயணம் செய்து வந்திருக்கும். ஒருவர் அதில் பீடிக் கட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். சீட்டைப் பிரித்து, டாக்டர் கையெழுத்தை நான் படித்துப் பார்த்து, "கருவிழி டாக்டர் புதன்கிழமைதான் வருவார், போயிட்டு புதன்கிழமை வாங்க" என்று சொல்லும்போது எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்கக் கூடாது. அன்றைய வேலையை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்த முகம் அது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஊருக்கு வடக்கே கழக்கூட்டம் என்ற இடத்தில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்து எங்கள் நிர்வாகம் ஒரு மென்பொருள் எழுத வைத்தது. கிளினிக் டாக்டர் தன் மேசையில் இருக்கிற கம்ப்யூட்டரில் நோயாளியின் பெயர், வயது, கண்ணில் என்ன கோளாறு என்று நிரப்பி அனுப்பினால், அது போன் கம்பி வழியாக எங்களுக்கு வந்துவிடும். நாங்கள் தேதியும் நேரமும் குறித்துத் திருப்பி அனுப்புவோம். காலையில் மோடம் கத்த ஆரம்பிக்கும். கீச்சென்று இழுத்து, கரகரவென்று இருமி, ஒருவழியாக இணைப்பு கிடைக்கும். நான் முதலில் இதை நம்பவே இல்லை. கம்ப்யூட்டர் வந்தால் கவுண்டரில் கூட்டம் குறையும் என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றே மாதத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. புதன்கிழமை டாக்டருக்குத் திங்கட்கிழமை வந்து ஏமாந்து திரும்புகிற ஆட்கள் இல்லாமல் போனார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

அந்தப் படிவத்தில் மூன்று நிறம் உண்டு. பச்சை என்றால் மெதுவாகப் பார்க்கலாம். மஞ்சள் என்றால் இந்த வாரம். சிவப்பு என்றால் இன்றைக்கே, இப்போதே. அடியில் குறிப்பு எழுத ஒரு பெட்டி. அதற்கும் கீழே, நோயாளியைப் பார்த்து முடித்தபின் எங்கள் டாக்டர்கள் கிளினிக்குக்குப் பதில் எழுத இன்னொரு பெட்டி. அந்தப் பதில் பெட்டியை எங்கள் டாக்டர்கள் யாரும் தொடவில்லை. நேரமில்லை என்றார்கள். நிஜமாகவே நேரமில்லைதான்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு கிளினிக் டாக்டர், சிவப்பு போட்டால் தன் ஆளுக்குச் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார். அடுத்தவருக்கும் அது தெரிந்தது. ஆறே மாதத்தில் என் திரை முழுக்கச் சிவப்பு. கண்ணாடிப் பவர் மாற்ற வேண்டியவருக்குச் சிவப்பு. பத்து வருடமாகப் புரை வளர்ந்துகொண்டிருக்கிற பெரியவருக்குச் சிவப்பு. கண்கட்டி வந்த கல்லூரிப் பெண்ணுக்குச் சிவப்பு. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. படித்தவர்களே இப்படிக் காதில் பூ சுற்றினால் என்ன செய்வது?

விழிஞ்ஞத்து டாக்டர் மட்டும் சிவப்பைத் தொடவில்லை. ஊருக்குத் தெற்கே, விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கிற சின்ன கிளினிக் அது. வருகிறவர்கள் மீன்காரர்கள், கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் நம் பக்கத்திலிருந்து போன தமிழ் ஆட்கள். அவர் பச்சை போட்டால் அது பச்சை. மஞ்சள் போட்டால் அது மஞ்சள். அதைவிட, குறிப்புப் பெட்டியில் அவர் எழுதுவதைப் படிப்பதற்காகவே நான் காலையில் சீக்கிரம் போவேன். மற்றவர்கள் அதில் ஒன்றும் எழுதமாட்டார்கள், இல்லாவிட்டால் 'அவசரம் அவசரம்' என்று எழுதுவார்கள். இவர் இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவார்.

'இவருக்கு வலது காது கேட்காது. இடது பக்கம் நின்று பேசவும்.' 'கடலுக்குப் போகிறவர். காற்றடிக்கிற நாளில் தேதி கொடுங்கள், வருவார்.' 'எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்பார். நம்ப வேண்டாம். நேற்று என் வாசற்படியில் தடுக்கி விழுந்தார்.' ஒருமுறை ஒரு சித்தாள் பெண்ணைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: 'மேஸ்திரி அரை நாள்தான் விடுவார். எல்லாப் பரிசோதனையையும் ஒரே தடவையில் முடிக்க முடியுமா?' முடித்தேன். இரண்டாவது மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, பன்னிரண்டு மணிக்கு முன்னால் பஸ் ஏற்றிவிட்டேன். யாரும் கேட்காமல் நான் அப்படி ஓடியது எனக்கே ஆச்சரியம். இவர் இவ்வளவு பார்த்து எழுதியிருக்கும்போது நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் கேவலம் என்று தோன்றியது.

ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் ஒரே வரி இருக்கும்: 'பார்த்தபின் பதில் எழுதவும்.' இரண்டு வருடமாக அந்த வரி வந்துகொண்டே இருந்தது. ஒரு பதிலும் போகவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன்.

மென்பொருளைச் சரிபார்க்க மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடக்கும். அதை எழுதிய பெண் கழக்கூட்டத்திலிருந்து வருவாள். கோவில்பட்டிக்காரி, என் வயதுதான், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து, எல்லாரும் சிவப்பு போடுவதால் நிறத்துக்கு அர்த்தமே இல்லை, எங்கள் பட்டியலில் நிறத்தைக் காட்ட வேண்டாம், யார் முதலில் வருகிறார்களோ அவர்களை முதலில் பார்ப்போம் என்று சொன்னேன். நிர்வாகத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் மட்டும் தயங்கினாள்.

"எடுத்துரலாம்க்கா. ஆனா ஒழுங்கா போடுறவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஒழுங்கா போடுறது ஒரே ஒரு ஆளுதான். அவிய சிவப்பே போடமாட்டாவ" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நிறம் போய்விட்டது. கிளினிக்குகளின் படிவத்தில் மூன்று நிறமும் அப்படியே இருந்தன, எங்கள் பட்டியலில் மட்டும் தெரியாது. அவர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லவும் இல்லை. இனி பெயரும் வயதும் மட்டும் வரிசையாக வரும். யார் அனுப்பியது, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பெயரின் மேல் தட்டித் திறக்க வேண்டும். கூட்ட நாட்களில் நான் திறப்பதில்லை. டாக்டர் கூப்பிடும்போது மொத்தமாக அச்செடுத்து மாடிக்கு அனுப்பிவிடுவேன். இரண்டு வாரம் எனக்குத் தலைவலியே இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நானும் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை. திங்கள் என்றால் எங்கள் ஆஸ்பத்திரி சந்தை மாதிரி இருக்கும். ஒன்பதரை மணிக்கு ஓர் ஆட்டோக்காரர் ஓர் ஆளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் விட்டார். கவுண்டருக்கு வந்து பெயரைச் சொன்னார். பட்டியலில் பெயர் இருந்தது. குறித்துக்கொண்டு டோக்கன் கொடுத்தேன். ஆட்டோக்காரர் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்க்கிறேன், அந்த ஆள் மூன்று நாற்காலியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். கனத்த கண்ணாடி. துண்டை மடித்து வைத்து, வலது கன்னத்தை அதில் பதித்து, சுகமாகப் படுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். முதலில் மலையாளத்தில் சத்தம் போட்டேன். அவர் முழித்த முழியிலேயே தமிழ் ஆள் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, இது என்ன உங்க வீட்டுக் கட்டிலா? எந்திச்சு உக்காருங்க. பிள்ளையை வச்சிக்கிட்டு நிக்காவல்லா?"

"யம்மா, டாக்டரம்மா தலையத் தூக்கப்படாதுன்னு சொல்லிவிட்டாவ" என்றார் அவர், படுத்தபடியே.

"அவிய சொன்னா அவிய ஆஸ்பத்திரியில போய்ப் படுங்க. இங்க உக்காரணும்."

எந்த டாக்டரம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எது சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் உண்டல்லவா, அவர் அப்படி. உட்கார்ந்தாலும் தலையை வலது தோளில் சாய்த்தே வைத்திருந்தார். "கழுத்து சுளுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவரும் சங்கடமாகச் சிரித்துவிட்டுத் தலையை நேராக வைத்துக்கொண்டார். குழந்தைக்காரப் பெண் உட்கார்ந்தாள். நான் ஏதோ நியாயம் செய்துவிட்ட திருப்தியில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து என் கவுண்டருக்கு வந்தார். கண்ணாடியில் கை வைத்து, என் முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"யம்மா, கோவப்படாதீய. ஒரு சமாச்சாரம் சொல்லணும். நான் வந்தப்ப உங்க மேசை தெரிஞ்சுது. இப்ப மேசையைக் காணல. உங்க தலை தெரியுது. கழுத்துக்குக் கீழ நீங்க இல்ல."

எந்த ஊர் என்று கேட்டேன். ஊர் வள்ளியூர், வேலை விழிஞ்ஞத்தில், ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் என்றார். விழிஞ்ஞம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகவே அவர் பெயரைத் தட்டித் திறந்தது. பட்டியலில்தான் நிறம் கிடையாது. திறந்தால் உள்ளே இருக்கும். சிவப்பு.

இரண்டு வருடத்தில் விழிஞ்ஞத்து டாக்டர் போட்ட முதல் சிவப்பு. குறிப்புப் பெட்டியில் இருந்ததை இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே சொல்வேன்.

'வலது கண். இடது கண் சிறு வயதிலேயே போய்விட்டது. இவருக்கு இருப்பது இது ஒன்றுதான். மூன்று நாளாகக் கண்ணுக்குள் மின்னல் வெட்டு, கரும்புள்ளிகள். இன்று காலை முதல் மூக்கோரம் கீழிருந்து ஒரு நிழல் ஏறுகிறது. எதிரே உட்கார்ந்து விரலை ஆட்டிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் தெரியவில்லை. நடுப்பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது. கீழே மறைவதால், விழித்திரை மேல்பக்கம் பிரிந்து வருகிறது என்று நினைக்கிறேன். என்னிடம் உள்ள கருவியில் அதை நான் பார்க்கவில்லை. என் விரலையும் அவர் சொல்வதையும் நம்பித்தான் அனுப்புகிறேன். வலது கன்னம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன். நடுப்பார்வையும் போய்விடுவதற்குள் பார்க்க வேண்டும். அதுவரை எழுந்து உட்கார விடாதீர்கள். பார்த்தபின் பதில் எழுதவும்.'

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்கு அன்று கால் மட்டும் ஓடியது. கவுண்டரைத் திறந்து வெளியே வந்து, குழந்தைக்காரப் பெண்ணை எழுப்பி, அவரை மறுபடி அதே மூன்று நாற்காலியில் வலது கன்னம் படியப் படுக்கவைத்தேன். "அசையாதீங்க அண்ணாச்சி, யார் வந்து எழுப்பினாலும் எந்திக்காதீங்க, நான் சொன்னாலும் எந்திக்காதீங்க" என்றேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியில் ஏறி இரண்டாவது மாடிக்கு ஓடினேன்.

எங்கள் விழித்திரை டாக்டர் மதுரையில் படித்தவர். தமிழும் மலையாளமும் கலந்துதான் என்னிடம் பேசுவார். முன்கோபத்தில் என்னையும் மிஞ்சியவர். நடுவில் கதவைத் திறந்தால் கத்துவார். அன்று திறந்தேன். ஒரு நோயாளியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி முறைத்தார்.

"சார், விழிஞ்ஞத்திலேருந்து சிவப்பு" என்றேன். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

அவர் கத்தவில்லை. "அவங்க சிவப்பு போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தார். "எவிடெ ஆளு?"

அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஒரு பதிலும் எழுதாத இந்த மனிதர், விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒவ்வொரு குறிப்பையும் படித்திருக்கிறார். நான் ஒருத்திதான் அவருக்கு ரசிகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தள்ளுவண்டியில் படுத்த வாக்கிலேயே பரோட்டா மாஸ்டரை மேலே கொண்டுவந்தோம். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை டாக்டர் பக்கத்திலேயே நின்றார். பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் போயிருக்க வேண்டும். போகவில்லை, கதவோரம் நின்றேன். கீழே என் கவுண்டரில் கூட்டம் கூச்சல் போடுவது மாடிவரை கேட்டது.

"நடுவில இன்னும் ஒட்டிட்டிருக்கு. ஒரு நூலிழை பாக்கி" என்றார் டாக்டர். நிமிர்ந்து நர்ஸிடம் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "சரியா எழுதியிருக்காங்க. ஒரு டார்ச்சும் விரலும் வச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் படுக்கணும்ங்கிறது வரைக்கும் சரியா எழுதியிருக்காங்க."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு கீழே போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மாஸ்டர் சொல்லமாட்டார், அவருக்கு நான் செய்தது தப்பு என்றே தெரியாது. ஆனால் விழிஞ்ஞத்து டாக்டர் தான் பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்து பொய்யாக நிற்க என்னால் முடியவில்லை.

"சார், அவரை நான் எழுப்பி உட்கார வச்சுட்டேன். இருபது நிமிஷம். படுத்திருந்தவரை நான்தான் சத்தம் போட்டு எழுப்பினேன். பட்டியல்ல நிறத்தை எடுக்கச் சொன்னதும் நான்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலாம் என்றுகூட இருந்தது. அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "இதையெல்லாம் எழுது. அந்தப் பதில் பெட்டியில, அந்த டாக்டருக்கு. நான் பார்த்ததையும் எழுது, நீ செஞ்சதையும் எழுது. கீழே என் பேரு போடு."

மாஸ்டரைத் தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என் முகத்திலும் பாதிதான் தெரிந்திருக்கும். ஊரில் இருக்கிற பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டாம் என்றார். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதறிப்போவாள், கட்டு அவிழ்த்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றார். கட்டு அவிழ்த்தபின் எதுவும் தெரியாவிட்டால் என்ன சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஆபரேஷன் முடிந்தது. விழித்திரையை ஒட்டியாயிற்று, பிடிக்குமா என்று பார்க்கச் சில வாரம் ஆகும் என்றார் டாக்டர். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த அந்தப் பதில் பெட்டியில் முதல்முறையாக எழுதினேன். என் இங்கிலீஷ் சண்டைக்குத்தான் லாயக்கு, மன்னிப்புக்குப் போதாது. அழித்து அழித்து எழுதினேன். டாக்டர் பார்த்தது, செய்தது, நான் எழுப்பி உட்கார வைத்தது, இருபது நிமிடம், மேசையைக் காணோம் என்று மாஸ்டர் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். நிறம் எங்கள் பட்டியலில் தெரியாது என்பதையும், அதை உங்களிடம் சொல்லாமல் விட்டோம் என்பதையும் எழுதினேன். அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். எனக்காக அழுதேனா மாஸ்டருக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை மோடம் கத்தி ஓய்ந்தபோது விழிஞ்ஞத்திலிருந்து பதில் வந்திருந்தது.

'எழுதியதற்கு நன்றி. உட்கார வைத்ததை எழுதியதற்கு இன்னும் நன்றி. என் பக்கமும் தப்பு இருக்கிறது. முன்பெல்லாம் நோயாளி கையில் கடிதம் கொடுத்து அனுப்புவேன். கம்ப்யூட்டரில் எழுதியாயிற்றே என்று நேற்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். வாசலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இனிமேல் சட்டைப் பையில் ஒரு சீட்டும் இருக்கும். நிறத்தைத் திரும்பக் காட்டுங்கள். எப்போதாவது எனக்கு வேண்டியிருக்கும்.'

ஒரு சுடுசொல் இல்லை. எனக்கோ அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வாசலில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்கிறாரே, இந்த வாசலில் இருப்பவள் தெரிந்துகொள்ளவே கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டவள் ஆயிற்றே என்று மனது அடித்துக்கொண்டது.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து என் யோசனையைத் திரும்பப் பெற்றேன். கோவில்பட்டிக்காரி உடனே தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். குத்திக்காட்டியிருக்கலாம், அவளுக்கு உரிமை உண்டு. நிறம் திரும்ப வரட்டும், ஆனால் பொய்ச் சிவப்பை என்ன செய்வது என்று மேனேஜர் கேட்டார். விழித்திரை டாக்டர்தான் வழி சொன்னார். பதில் எழுதாமல் எந்த நோயாளியின் பக்கத்தையும் மூட முடியாதபடி செய்துவிடு என்றார் அந்தப் பெண்ணிடம். மற்ற டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு வரி எழுத எவ்வளவு நேரமாகும் என்று இவர் ஒரு சத்தம் போட்டார். அத்தோடு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. 'பார்த்தோம், கண்ணாடி மாற்றினால் போதும், அவசரமில்லை', 'பார்த்தோம், நீங்கள் நினைத்தது சரி, மருந்து தொடங்கியாயிற்று' என்று ஒவ்வொரு கிளினிக்குக்கும் பதில் போகப் போக, சிவப்பு தானாகவே குறைந்தது. யாரும் யாரையும் கண்டிக்கவில்லை. மலைப்பக்கத்து கிளினிக் டாக்டர் ஒருவர் எழுதினார்: 'இரண்டு வருடத்தில் உங்களிடமிருந்து வரும் முதல் வார்த்தை இது. என் நோயாளிகளை யாரும் பார்க்கிறார்களா என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.' நான் பொய்யர்கள் என்று தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தவர்கள், பதில் வராத இடத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சத்தமாகத் தட்டினால்தான் கேட்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த மென்பொருளைப் பற்றி எனக்கு உண்மையான மரியாதை வந்தது அப்போதுதான். போன் கம்பி வழியாக நோயாளியை அனுப்புவது மட்டும் அதன் வேலை இல்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு டாக்டர்கள் ஒரே கண்ணைப் பற்றிப் பேசிக்கொள்ள அதில் இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் நாங்கள் அதுவரை காலியாகப் போட்டு வைத்திருந்தோம்.

ஆனால் ராத்திரி படுத்தால் என் கண் முன்னால் மாஸ்டரின் தலைதான் வரும். சிரித்துக்கொண்டே நேராக்கிய அந்தத் தலை. இடையில் இரண்டு முறை அவர் பரிசோதனைக்கு வந்தார். கண் வீங்கிச் சிவந்திருந்தது, கலங்கலாகத்தான் தெரிகிறது என்றார். பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் சட்டைப் பையில் விழிஞ்ஞத்து டாக்டர் கொடுத்த சீட்டு ஒன்று இருக்கும். அதை வாங்கி நான் கவுண்டரில் ஒட்டி வைத்துக்கொள்வேன். மேனேஜர் இது என்ன குப்பை என்பார். நான் இன்னொரு தடவை அழுத்தி ஒட்டுவேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவர் மறுபடி வந்தார். துணைக்கு யாரும் இல்லை, தானே பஸ்ஸில் வந்திருந்தார். மாடிக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். என் கவுண்டருக்கு நேராக வந்து, முன்பு நின்ற அதே இடத்தில், கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க வரவில்லை.

"அண்ணாச்சி, மேசை தெரியுதா?" என்றேன்.

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, சாவகாசமாகப் பார்த்தார்.

"மேசை தெரியுது. மேசைக்குள்ள நீங்க ஒளிச்சு வச்சித் திங்கிய ஏத்தங்காய் சிப்ஸும் தெரியுது. யம்மா, ஒரு துண்டு குடுங்க."

பொட்டலத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். பெண்டாட்டிக்கு இன்றைக்குத்தான் போன் பண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, சிப்ஸைத் தின்றுகொண்டே வாசலைத் தாண்டிப் போனார்.

கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன்னால் விழிஞ்ஞத்துக்கு ஒரே வரி எழுதினேன்: 'மேசை தெரிகிறது.'

மறுநாள் காலை பதில் இருந்தது. 'நேற்று சாயங்காலமே வந்து சொன்னார். உங்கள் சிப்ஸில் கொஞ்சம் எனக்கும் கிடைத்தது. இன்று பதினோரு மணிக்கு ஒரு மீன்காரம்மா வருவார். புரைதான், அவசரமில்லை, பச்சை. ஆனால் லிஃப்டில் ஏறப் பயப்படுவார். பார்த்தபின் பதில் எழுதவும்.'

பத்தே முக்காலுக்கே நான் கவுண்டரைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வாசலில் போய் நின்றுகொண்டேன்.